மினி எக்ஸ்கவேட்டர் ட்ரெய்லர் இழுக்க அரை டன் பிக்கப் போதுமா? வாங்கறதுக்கு முன்னாடி கேக்குறேன்

மண்வெட்டி_23

வணக்கம் எல்லாருக்கும். நான் மினி எக்ஸ்கவேட்டர் ஒண்ணு வச்சு பைப் பள்ளம், அஸ்திவாரக் குழி, தோட்டம் சமன் பண்றது இந்த மாதிரி வேலை எடுத்து பண்றேன். இதுவரைக்கும் மிஷின கொண்டு போக வாடகை வண்டிதான், காலைல 7 மணிக்கு வரேன்னு சொல்லிட்டு 10 மணிக்கு வருவாங்க, அதுக்குள்ள பாதி நாள் போயிடும். அதனால சொந்தமா ரெண்டு ஆக்ஸில் ட்ரெய்லர் வாங்கிட்டேன், இப்ப இழுக்க பிக்கப் வாங்கணும். மிஷின் 2.7 டன்னு போட்டிருக்கு, ட்ரெய்லர் ஒரு 1.3 டன் இருக்கும், ஆக மொத்தம் 4 டன்.

பாத்து வச்சிருக்கறது அரை டன் கிளாஸ் வண்டி (அது பிக்கப்போட வகுப்புப் பேரு, இழுக்கற எடை இல்ல), டபுள் கேபின், டர்போ பெட்ரோல். விளம்பரத்துல 11,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 5 டன் இழுக்கும்னு போட்டிருக்கு. ஷோரூம்ல கேட்டா கண்ண மூடிட்டு எடுங்கன்னு சொல்றாங்க. 4 டன்தானே, ஒரு டன் மிச்சம் இருக்கேன்னு எனக்கும் தோணுது. வருஷக்கணக்கா இழுக்குறவங்க சொல்லுங்க.

வேகத்தடை

தாராளமா போதும் ப்ரோ. நானும் அதே கிளாஸ் வண்டிதான் வச்சிருக்கேன், போட் ட்ரெய்லர் இழுக்குறேன், பின்னாடி ஒண்ணு வருதுன்னே தெரியாது. 10 கியர் பாக்ஸ், டோ மோடு (ட்ரெய்லர் இழுக்கறதுக்கான செட்டிங்) போட்டா அதுவே எல்லாத்தையும் பாத்துக்கும்.

டபுள்_ஆக்ஸில்

மண்வெட்டி தம்பி, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. எந்த வண்டிய வாங்கப் போறீங்களோ அதே வண்டியோட டிரைவர் கதவத் திறங்க, தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், டயர் பிரஷர் போட்டிருக்குமே அதுதான். அதுல ஆளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு எண் இருக்கும். அதுதான் உங்க பேலோட். விளம்பரத்துல இருக்கற எண் அந்த மாடலுக்கே இருக்கறதுல பெரிய எண், கதவுல இருக்கறது உங்க வண்டியோட எண். சன்ரூஃப், பெரிய வீல், லெதர் சீட்டுன்னு எது ஏறினாலும் கதவு எண் குறையும்.

ஏன் இத முதல்ல சொல்றேன்னா, ட்ரெய்லர் எடை முழுசா ட்ரெய்லர் டயர் மேல நிக்காது. ஒரு பங்கு கொக்கி வழியா உங்க வண்டி மேல உக்காரும், டங் வெயிட்னு சொல்றது அதத்தான். சாதாரண பால் ஹிட்ச்சுக்கு (வண்டி பின்னாடி இரும்பு உருண்டை வச்ச கொக்கி) அது மொத்த எடைல 10 லேருந்து 15 சதவீதம் இருக்கணும். 4 டன்னு நீங்க சொல்றத அப்படியே எடுத்தாலும் 13 சதவீதத்துக்கு 520 கிலோ. அது ட்ரக் மேல ஏத்தின சரக்கு மாதிரிதான் கணக்கு. அதுக்கு மேல நீங்க, உங்க ஆளுங்க, டூல் பாக்ஸ், டீசல் கேன், ஹிட்ச், எல்லாம் இருக்கு.

அரை டன் டபுள் கேபின் வண்டில பல வண்டிக்கு கதவுல 650 லேருந்து 800 கிலோவுக்குள்ளதான் போட்டிருக்கும். 5 டன் இழுக்கற தெம்பு இஞ்சினுக்கு இருக்கும், ஆனா அந்த 5 டன்னோட கொக்கி எடைய தாங்கற பின் ஆக்ஸிலும் ஸ்பிரிங்கும் டயரும் இருக்கான்னு பாருங்க. முதல்ல தீர்ந்து போறது பேலோட்தான், எனக்குத் தெரிஞ்சு பத்துல ஒன்பது பேருக்கு.

வேகத்தடை

அண்ணே ஒரு சந்தேகம். இழுக்காதுன்னா கம்பெனிக்காரன் 5 டன்னு எப்படிப் போடுவான்? டெஸ்ட் பண்ணாமயா போடுறாங்க?

டபுள்_ஆக்ஸில்

டெஸ்ட் பண்ணித்தான் போடுறாங்க, நல்ல டெஸ்ட்டும் கூட. எஸ்.ஏ.இ ஜே2807ன்னு ஒரு தர அளவு இருக்கு. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டுட்டு இருந்தாங்க. டொயோட்டா டன்ட்ராதான் பிக்கப்ல முதல்ல அத ஏத்துக்கிச்சு, மத்த பெரிய கம்பெனிங்க சில வருஷம் கழிச்சுத்தான் வந்தாங்க. அமெரிக்காவுல டேவிஸ் டேம் ஏத்தம்னு அரிசோனா பாலைவனத்துல ஒரு மலை ரோடு, சுமார் 11 மைல், அந்த ஏத்தத்துல முழு லோடோட ஏசிய முழுசா வச்சு ஏறணும், வேகம் 40 மைலுக்குக் கீழ இறங்கக்கூடாது. நின்ன இடத்துலேருந்து 60 மைல் வேகத்த 30 செகண்டுக்குள்ள பிடிக்கணும்.

ஆனா அந்த டெஸ்ட்ல வண்டிக்குள்ள யாரு இருக்கான்னு கவனிங்க. டிரைவரும் பக்கத்துல ஒருத்தரும், ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. பின் சீட்டுல ஆள் கிடையாது, டப்பால டூல்ஸ் கிடையாது. கொக்கி எடையும் 10 சதவீதம் வச்சுத்தான் கணக்கு. நீங்க வேலைக்கு அப்படியா போவீங்க? எண் பொய் இல்ல, அந்த நிலமைக்கு மட்டும் நிஜம்.

மண்வெட்டி_23

இன்னிக்கு போய் கதவத் திறந்து பாத்தேன். 720 கிலோ!! பக்கத்துலயே நின்ன அதே மாடல் கொஞ்சம் கம்மி வசதி உள்ள வண்டில 805. ஷோரூம் பையன் அந்த ஸ்டிக்கர இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லைன்னான், பாவம் அவனும் போட்டோ எடுத்துக்கிட்டான்.

வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் போட்டா இந்த கொக்கி எடை கணக்கு சரியாயிடும்னு இன்னொருத்தர் சொன்னார், அது சரியா?

வெல்டர்_தாஸ்கடை

நான் ஹிட்ச் மாட்டித் தர்றவன், தினம் இந்தக் கேள்வி வரும். பதில் பாதி சரி, பாதி தப்பு.

கொக்கில 500 கிலோ உக்காந்தா வண்டி பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் தூக்கும். முன் சக்கரம் லேசானா ஸ்டியரிங் பிடிப்பு போகும், பிரேக்கும் குறையும், ராத்திரில எதிர்ல வர்றவன் கண்ணுல உங்க லைட்டு அடிக்கும். அந்த ஹிட்ச்சோட ரெண்டு ஸ்பிரிங் கம்பி கொக்கிலேருந்து ட்ரெய்லர் பிரேமுக்கு நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு எடைய கொஞ்சம் முன் ஆக்ஸிலுக்கும் கொஞ்சம் ட்ரெய்லர் ஆக்ஸிலுக்கும் தள்ளும்.

நான் எப்படி மாட்டறேன்னு சொல்றேன். ட்ரெய்லர் இல்லாம சமதளத்துல நிறுத்தி முன் வீல் ஆர்ச் உயரத்த டேப் வச்சு அளந்து ஃபெண்டர்லயே மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதுவேன், 94 செ.மீ.ன்னு வைங்க. கம்பி போடாம ட்ரெய்லர மாட்டினதும் மறுபடி அளப்பேன், 98 வரும். 4 செ.மீ. தூக்கிடுச்சு. இப்ப கம்பிய இழுத்து மாட்டி, செயின்ல ஒரு கண்ணி கூட்டிக் குறைச்சு, 96க்குக் கொண்டு வருவேன். தூக்கினதுல பாதிய திரும்ப இறக்கினா போதும்னு இப்ப நிறைய மேனுவல்ல போட்டிருக்கு, சிலதுல வேற மாதிரி, உங்க மேனுவல பாருங்க. முழுசா 94க்கு இறக்கறேன்னு கம்பிய முறுக்கினா பின் சக்கரம் லேசாயிடும், அது இன்னும் ஆபத்து.

சில அரை டன் வண்டில 5,000 பவுண்டுக்கு மேல போனா இந்த ஹிட்ச் கட்டாயம்னே ரிசீவர் (வண்டி பின்னாடி ஹிட்ச் சொருகற குழாய்) ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், கீழ குனிஞ்சு படிங்க. ஆனா இந்த ஹிட்ச் போட்டதால கதவுல இருக்கற 720 ஒரு கிலோ கூட ஏறாது. ஹிட்ச்சே 40 கிலோ பக்கம் எடை, அதையும் அந்த 720லதான் கழிக்கணும். காத்து அடைச்ச ஏர் பேக்க ஸ்பிரிங்ல வச்சு பின்பக்கத்த தூக்கறவங்களுக்கும் இதேதான், உயரம் சரியாகும், ஆக்ஸில் மேல எடை அப்படியேதான் இருக்கும்.

நடுராத்திரி_டீசல்

இவ்ளோ யோசிக்க வேணாம். முக்கால் டன் டீசல் எடுங்க, கதை முடிஞ்சது. ஃபோர்டு 6.7 பவர் ஸ்ட்ரோக், ராம்ல கம்மின்ஸ் 6.7, ஷெவர்லேல டியூராமேக்ஸ் 6.6, எது எடுத்தாலும் இந்த ட்ரெய்லர் அதுக்குத் தூசு. டார்க் எல்லாம் 900, 1,000 பவுண்டு-அடின்னு போகுது இப்ப. மேட்டுல கியர் மாத்தக்கூட மாத்தாது. எக்ஸாஸ்ட் பிரேக் (புகைய அடைச்சு இஞ்சினாலயே வேகத்தக் குறைக்கறது) ஒண்ணு போதும் வாங்கறதுக்கு.

டபுள்_ஆக்ஸில்

டீசல் இஞ்சின நானும் கும்பிடறேன், ஆனா இங்கயும் கதவத் திறந்துதான் பாக்கணும். டீசல் இஞ்சினும் அதுக்கு ஏத்த கியர்பாக்ஸும் பெட்ரோல விட சில நூறு கிலோ கூட. பல முக்கால் டன் வண்டிக்கு மொத்த எடை வரம்ப (வண்டியும் அதுல ஏறறதும் சேர்ந்து) 10,000 பவுண்டுலயே (4,536 கிலோ) நிறுத்தி வச்சிருக்காங்க, அதுக்கு மேல போனா பல இடத்துல வண்டிய பதிவு பண்ற வகுப்பு மாறிடும்னு. வரம்பு அதேதான், இஞ்சின் எடை ஏறிடுச்சு, அப்ப குறையறது எது? பேலோட். நாலு கதவு, ஃபோர் வீல், டீசல்னு எல்லாம் சேர்ந்த முக்கால் டன் வண்டில 900 கிலோ போட்டிருந்த ஸ்டிக்கர நான் என் கண்ணால பாத்திருக்கேன். அதே பாடில பெட்ரோல் வண்டி 1,400, 1,500 போகும். டீசல்தான் வேணும்னா ஒரு டன் கிளாஸ் பாருங்க, பின்னாடி பக்கத்துக்கு ஒத்தை சக்கரமே போதும், பக்கத்துக்கு ரெண்டுன்னு நாலு சக்கரம் தேவை இல்ல.

இந்த அரை டன், முக்கால் டன் எல்லாம் அந்தக் காலத்துல வண்டி அவ்ளோ சரக்கு தாங்கும்னு வச்ச பேரு, இப்ப பேரு மட்டும்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு, அத வச்சு எந்தக் கணக்கும் போடாதீங்க.

நடுராத்திரி_டீசல்

900ஆ? என் வண்டில போய் பாத்தேன் அண்ணே, 968. மூணு வருஷமா ஓட்டறேன், இன்னிக்குத்தான் படிச்சேன். ஏத்துக்கறேன்.

மண்வெட்டி_23

ஃப்ரெண்டோட ஒரு டன் வண்டிய ஒரு நாள் வாங்கி ட்ரெய்லர எடை மேடைக்குக் கொண்டு போனேன். மூணு தடவை எடை போட்டேன்.

ட்ரக் மட்டும், நான் உள்ள உக்காந்து: 3,310
ட்ரெய்லர் மாட்டி, ட்ரக் சக்கரம் மட்டும் மேடை மேல: 3,920
எல்லாம் சேர்த்து: 7,930

அதாவது கொக்கி எடை 610. ட்ரெய்லர் மொத்தம் 4,620!! 4 டன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். மிஷின் புக்ல இருக்கற 2.7 டன் கேபின் இல்லாத மாடலுக்காம், என்கிட்ட கேபின் இருக்கு, அதோட மூணு பக்கெட், பிரேக்கர், செயின், டேங்க் நிறைய டீசல். எங்கேருந்து 600 கிலோ கூடுச்சுன்னு உக்காந்து கூட்டிப் பாத்தா எல்லாம் நான் ஏத்தினதுதான்.

அப்ப அரை டன் வண்டிக்குக் கணக்கு: கொக்கி 610, நாங்க மூணு பேர் 240, டூல்ஸ் 130, ஹிட்ச் 40. மொத்தம் 1,020. ஸ்டிக்கர்ல 720. 300 கிலோ அதிகம். இத்தனைக்கும் ட்ரெய்லர் 4,620தான், விளம்பரத்துல சொன்ன 5 டன்ன தொடவே இல்ல.

ஒரு கேள்வி. மிஷின கொஞ்சம் பின்னாடி தள்ளி நிறுத்தினா கொக்கி எடை குறையும்ல? 400க்குக் கொண்டு வந்தா?

மழைச்சாலை

தயவு செஞ்சு அத மட்டும் பண்ணிடாதீங்க. நான் பண்ணினேன், அதனால சொல்றேன்.

நாலு வருஷம் முன்னாடி, ஒரு சின்ன லோடரும் ரெண்டு அட்டாச்மெண்ட்டும். வண்டி பின்பக்கம் ரொம்ப அமுங்குதுன்னு நானே லோடர ஒரு அடி பின்னாடி தள்ளி கட்டினேன், வண்டி நேரா நின்னுச்சு, பாக்கவே அழகா இருந்துச்சு. 70 வரைக்கும் ஒண்ணும் தெரியல. ஒரு இறக்கத்துல 95 போச்சு, பக்கத்துல ஒரு பெரிய லாரி தாண்டிப் போனான், அந்தக் காத்துல ட்ரெய்லர் லேசா வலது பக்கம் அசைஞ்சுது. நான் ஸ்டியரிங்க திருப்பி சரி பண்ணேன், அது இடது பக்கம் அதிகமா வந்துச்சு, மறுபடி திருப்பினேன், இன்னும் அதிகம். மூணாவது ஆட்டத்துல கண்ணாடில ட்ரெய்லரோட பக்கவாட்டு முழுசா தெரிஞ்சுது. வால் நாய ஆட்டற மாதிரி. ட்ரக் பிரேக்க மிதிக்கணும்னு கால் துடிக்குது. என் பெரியப்பா லாரி ஓட்டினவர், ஆடும்போது பிரேக்க மிதிக்காதே, ட்ரெய்லர் பிரேக்க மட்டும் பிடின்னு சொல்லிட்டே இருப்பார், அது ஞாபகம் வந்து கண்ட்ரோலர்ல (ட்ரெய்லர் பிரேக்க டிரைவர் சீட்டுலேருந்து இயக்கற பெட்டி) இருக்கற அந்த லீவர கட்டை விரலால அமுக்கினேன், ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுத்தேன், ஸ்டியரிங்க நேரா கெட்டியா பிடிச்சேன். பின்னாடிலேருந்து இழுத்துப் பிடிச்ச மாதிரி ஆச்சு, ரெண்டு ஆட்டத்துல நின்னுடுச்சு. ஓரமா நிறுத்திட்டு இறங்கினா கால் நிக்கல, பத்து நிமிஷம் ரோட்டோரம் உக்காந்துட்டு இருந்தேன். பின் சீட்டுல என் பொண்ணு இருந்தா அன்னிக்கு.

டபுள்_ஆக்ஸில்

மழைச்சாலை சொன்னத எல்லாரும் ரெண்டு தடவை படிங்க.

கணக்கும் சொல்றேன். உங்க ட்ரெய்லர்ல கொக்கிக்கும் ரெண்டு ஆக்ஸிலுக்கு நடு மையத்துக்கும் 4.5 மீட்டர்னு வைங்க. 3,000 கிலோ மிஷின 30 செ.மீ. பின்னாடி தள்ளினா, 3,000 பெருக்கல் 0.3 வகுத்தல் 4.5, கொக்கிலேருந்து 200 கிலோ போயிடும். 610 இருந்தது 410. 4,620ல அது 9 சதவீதம் கூட இல்ல. ஒரு முழங்கைக்கும் கம்மியான தூரம், அதுலதான் இருக்கு எல்லாம். இப்ப உங்களுக்கு 13 சதவீதம் வருது, நல்ல இடம். மேடைல எடை போட்ட அன்னிக்கு மிஷின் எங்க நின்னுச்சோ அந்த டிராக் முனைக்கு நேரா ட்ரெய்லர் தளத்துல வெள்ளை பெயிண்ட்ல கோடு போட்டு வைங்க. தினமும் அந்தக் கோட்டுல நிறுத்துங்க. வண்டிக்கு எடை ஜாஸ்தின்னா வண்டிய மாத்தணும், எடைய பின்னாடி ஒளிச்சு வைக்கக் கூடாது.

வேகத்தடை

நான் மேல போதும்னு எழுதினதுக்கு மன்னிக்கணும். என் போட்டும் ட்ரெய்லரும் சேர்த்தே 1,600 கிலோதான், அத வச்சு சொல்லிட்டேன்.

கியர்_ஏழு

ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் மாதிரி வண்டிங்களுக்கும் பல நாட்டுல 3,500 கிலோ இழுக்கும்னு போட்டிருக்காங்களே, அதுக்கும் இதே கணக்கா?

டபுள்_ஆக்ஸில்

அதேதான், இன்னும் இறுக்கம். அங்க கொக்கி எடை வரம்பு பெரும்பாலும் 350 கிலோ, மொத்தத்துல 10 சதவீதம். அதோட ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த வரம்புன்னு தனியா ஒண்ணு உண்டு. சில மாடல்ல அது 6 டன் பக்கம். 3,500 ட்ரெய்லர் மாட்டினா ட்ரக்குக்கு மிச்சம் 2,500, வெறும் வண்டியே 2,100 பக்கம் இருக்கும். ஆளும் பெட்டியும் ஏறினா முடிஞ்சுது. மூணு டன்னுக்குள்ளன்னா அருமையான வண்டிங்க. இவர் ட்ரெய்லருக்கு ஆகாது.

மின்சாரக்கனவு

எலக்ட்ரிக் பிக்கப் யோசிச்சீங்களா? டார்க் முதல் நொடிலயே முழுசா கிடைக்கும்.

வெல்டர்_தாஸ்கடை

இழுக்கற பலத்துல குறை சொல்லவே முடியாது, இறக்கத்துல மோட்டாரே பிரேக் பிடிச்சு சார்ஜும் ஏத்திக்கும். கனமான ட்ரெய்லர் மாட்டினா ஓடற தூரம் பாதியா குறையுது, அதான் சிக்கல். சார்ஜ் போடற இடத்துல நிறைய இடத்துல ட்ரெய்லர கழட்டி வச்சாத்தான் உள்ள நுழைய முடியும். தினம் வீட்டுக்குத் திரும்பற கிட்டத்து வேலைக்கு ஓகே.

மண்வெட்டி_23

அப்ப முக்கால் டன் பெட்ரோல் இல்லன்னா ஒரு டன் டீசல், இந்த ரெண்டுலதான் வந்து நிக்குது. என் வேலை பெரும்பாலும் 30, 40 கி.மீ.க்குள்ள, மாசத்துல ரெண்டு தடவை மலைப்பக்கம். எது?

டபுள்_ஆக்ஸில்

30 கி.மீ. போயிட்டு நாள் பூரா நிக்கற வண்டிக்கு டீசல் நான் சொல்ல மாட்டேன். இப்ப வர்ற டீசல்ல புகைக்கரிய பிடிக்கற ஃபில்டர் இருக்கு, அது சூடேறி கரிய எரிச்சு சுத்தம் பண்ணிக்க நீளமா ஓடணும். கிட்டத்து ஓட்டமும் ஐடிலிங்கும் (வண்டி நிக்கறப்ப இஞ்சின் சும்மா ஓடறது) அதுக்கு ஆகாது. தினம் 300 கி.மீ. இழுக்கறவனுக்கு டீசல் வரம்.

பெட்ரோல்னா ஆக்ஸில் ரேஷியோ (ஆக்ஸில்ல இருக்கற கியர் விகிதம்) கண்டிப்பா பாருங்க. 3.55, 3.73, 4.10, 4.30ன்னு வரும், எண் கூடக் கூட இழுவை கூடும், பெட்ரோல் கொஞ்சம் ஜாஸ்தி குடிக்கும். ஒரே இஞ்சின், ஒரே கேபின், ஆக்ஸில் மட்டும் வேறன்னா இழுவை வரம்பு ஒரு டன்னுக்கு மேல வித்தியாசம் வரும். உங்களுக்கு 4.10 இல்ல 4.30. டர்போ இல்லாத பெட்ரோல் உயரத்துல மூச்சு வாங்கும், 1,000 அடிக்கு சுமார் 3 சதவீதம் பவர் போகும், 5,000 அடில 15. மாசம் ரெண்டு தடவைக்கு அது பரவால்ல, மெதுவா ஏறுங்க.

ஏறறத விட இறங்கறதுதான் எனக்குக் கவலை. எக்ஸாஸ்ட் பிரேக் பெட்ரோல்ல கிடையாது. உச்சில நிக்கறப்பவே டோ மோடு போட்டு கியர் குறைச்சுட்டு இறங்க ஆரம்பிங்க, இஞ்சின் 4,000 ஆர்.பி.எம்.க்கு மேல கத்தும், கத்தட்டும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. பிரேக்க தேய்ச்சுக்கிட்டே இறங்காதீங்க, அழுத்தி வேகத்தக் குறைச்சு விட்டுடணும், மறுபடி ஏறினா மறுபடி அழுத்தணும். 80லேருந்து 100க்குப் போனா வேகம் கால் பங்குதான் கூடுது, பிரேக் தின்ன வேண்டிய சூடு ஒன்றரை மடங்குக்கு மேல.

வெல்டர்_தாஸ்கடை

ட்ரெய்லர் பக்கமும் ரெண்டு வார்த்தை. டயர் பக்கவாட்டுல தேதி எண் இருக்கும், கடைசி நாலு இலக்கம், 2319ன்னா 2019ல 23வது வாரம். ஆறு வருஷம் தாண்டினா டயர் பட்டன் (ட்ரெட்) நல்லா இருந்தாலும் மாத்துங்க, ட்ரெய்லர் டயர் தேஞ்சு போறத விட நின்னு நின்னு வெடிக்கறதுதான் அதிகம். எஸ்.டின்னு போட்ட (ட்ரெய்லருக்குன்னே வர்ற) டயர்ல வேற வேகம் குறிப்பிடலன்னா 65 மைல், சுமார் 105 கி.மீ.தான் வரம்பு. பால் 2-5/16 அங்குலமா 2 அங்குலமான்னு கப்ளர்ல (பால் மேல உக்கார்ற ட்ரெய்லர் முனை) அச்சடிச்சிருக்கும், பாத்து வாங்குங்க, பெரிய கப்ளர்ல சின்ன பால் மாட்டினா உக்காந்த மாதிரியே தெரியும், குழில விழுந்தா கழண்டுடும். சேஃப்டி செயின் ட்ரெய்லர் நாக்குக்குக் (முன்னாடி நீட்டிட்டு இருக்கற பிரேம்) கீழ பெருக்கல் குறி மாதிரி குறுக்க போகணும், கொக்கி கழண்டா அந்தத் தொட்டில்ல விழும். பிரேக்அவே கேபிள (ட்ரெய்லர் கழண்டா அதோட பிரேக்க தானா பிடிக்க வைக்கறது) செயின்லயோ ஹிட்ச்சுலயோ மாட்டாதீங்க, ட்ரக் பிரேம்ல தனியா.

மண்வெட்டி_23

எல்லாருக்கும் நன்றி. நேத்து வண்டி எடுத்துட்டேன். ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர் பெட்ரோல், 4.30 ஆக்ஸில், கதவுல 1,480 கிலோ. வசதி கம்மியான மாடல்தான், துணி சீட்டு, வீட்டுல லேசா வருத்தம். என் 1,020 போக 460 மிச்சம் இருக்கு.

இன்னிக்கு காலைல ட்ரெய்லர மாட்டி காலி மைதானத்துல 40ல போயி கண்ட்ரோலர் லீவர முழுசா அமுக்கிப் பாத்தேன். முதல் தடவை ட்ரெய்லர் சக்கரம் பூட்டி மண்ணுல ரெண்டு கோடு விழுந்துச்சு. கெய்ன (பிரேக் எவ்ளோ பலமா பிடிக்கணும்ங்கற எண்) 7லேருந்து 6க்கு இறக்கினேன், அப்பவும் லேசா பூட்டுச்சு, 5.5ல சரியா வந்துச்சு. தளத்துல வெள்ளைக் கோடும் போட்டாச்சு. ஆனா மிஷின் இல்லாம காலி ட்ரெய்லரா வர்றப்ப இதே 5.5 வச்சா பூட்டிடாதா?

டபுள்_ஆக்ஸில்

பூட்டும். காலியா வர்றப்ப 2.5, 3 வச்சு அதே மைதானத்துல ஒரு தடவை அமுக்கிப் பாருங்க, ரெண்டு எண்ணையும் டேஷ்போர்டுல எழுதி ஒட்டிடுங்க. மழை பெஞ்ச ரோடுன்னா இன்னும் ஒரு படி இறக்கணும். ட்ரெய்லர் வீல் நட்ட முதல் 80 கி.மீ.க்குள்ள ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கிடுங்க, புது ட்ரெய்லர்ல அது தளரும்.